ஓர் அங்குலம் உள்ளே விடுங்கள்

சீருடைத் துணி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதைச் சட்டையாக்குவது யார், எப்படி, என்ன செலவில்? கொழும்பு 14, கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளில் இருந்து வீட்டுத் தையல் பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை.

லேயாட்ஸ் புரோட்வேயில் இருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கைகளில், புதிய பாடசாலை ஆண்டு தொடங்குவதற்கு முந்திய கிழமை, இரவு எட்டு மணிக்கு மேல் பல வீடுகளில் மின்விசிறி நின்றுவிடும். தரையில் துணி விரித்திருப்பார்கள். காற்று பட்டால் வெட்டுக்கோடு விலகிவிடும். சீமெந்துத் தரையைத் துடைத்து, பாயைப் போட்டு, அதன்மேல் பழைய பெட்சீற்றைப் போட்டு, அதற்கும் மேலே தூசி படாமல் வெள்ளைத் துணி கிடக்கிறது. போன வருடத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறாள் பிள்ளை. "கையைத் தூக்கு" என்கிறார் அம்மா. கையோடு சேர்ந்து சட்டையும் மேலே ஏறுகிறது. முழங்காலுக்கு மேல் நாலு விரற்கடை. தோளிலும் பிடிக்கிறது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்: "தங்கச்சி, அதை ஒதுக்கி வைக்காத. உள்ள துணி இருக்கான்னு புரட்டிப் பாரு."

புரட்டிப் பார்க்கிறார்கள். கடையில் வாங்கிய சட்டை. விளிம்பில் அரை அங்குல மடிப்பு. பக்கத் தையலில் ஓவர்லொக் அடித்த ஒரு மெல்லிய கோடு, கால் அங்குலம்கூட இல்லை. இறக்கவும் முடியாது, அகட்டவும் முடியாது. துணி நல்ல துணிதான், நிறம்கூட மங்கவில்லை. ஆனால் அந்தச் சட்டையின் ஆயுள் முடிந்துவிட்டது.

வீட்டில் தைப்பது இலாபமா நட்டமா என்று இந்தக் காலத்தில் யாரைக் கேட்டாலும் கூலிக் கணக்கைத்தான் சொல்வார்கள். கூலியைவிடப் பெரிய கணக்கு அந்த மடிப்புக்குள்ளே இருக்கிறது.

துணி இலவசம், தையல் இலவசமில்லை

இலங்கையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் 1993 முதல் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது. பிறகு மீண்டும் துணிக்கே திரும்பினார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தத் துணியின் பெரும்பங்கு சீன அரசின் நன்கொடையாக வந்தது. 2023க்கு ஏறத்தாழ 70 சதவீதம், 2024க்கு 80 சதவீதம், 2025க்கு முழுவதும்.

கையில் கிடைப்பது துணிதான், சட்டை இல்லை. வகுப்புக்கும் ஆண்பிள்ளை பெண்பிள்ளைக்கும் ஏற்ப அளவு வெட்டிக் கொடுக்கும் அந்தப் பொதியில் இருந்து சட்டையோ, சேட்டோ, நீலக் காற்சட்டையோ வருவதற்கு இடையில் ஒரு தையல்காரர் வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் தைகூலி, சிப், பொத்தான், நூல் எல்லாம் சேர்ந்து ஒரே மாதத்தில் விழும். சப்பாத்தும் புத்தகப் பையும் அதே மாதத்தில்தான் வாங்க வேண்டும். தனியார் துறையின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாயாக உயர்ந்தது. நாட்கூலிக்குப் போகிறவர்கள் நிறைந்த கொழும்பு 14இல் ஜனவரி மாதம் எப்படி ஓடும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பத்திரிகைக்காரர்களுக்கும் இந்தப் பகுதி பழக்கமானதுதான். 1930இல் தொடங்கிய வீரகேசரி நெடுங்காலம் கிராண்ட்பாஸ் வீதியில் இருந்துதான் வெளிவந்தது. அந்த அச்சு இயந்திரச் சத்தத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கால்மெசின் சத்தமும் பல தலைமுறையாகக் கேட்டிருக்கிறது. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல், புறக்கோட்டையில் ஒரு சிறிய கடையாக. தவணைக்குப் பணம் கட்டும் முறையை உலகம் முழுக்கப் பரப்பிய கம்பனி அது; வீட்டுக்கு மெசின் வந்து சேர்ந்ததற்கு அந்தத் தவணை முறை ஒரு முக்கிய காரணம். துணியும் இங்கேயே நெய்தோம். வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் 1933இல் செய்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பிடித்தது. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. தையல் தெரிந்த நாடு என்று உலகம் நம்மை அறிந்தது அதற்குப் பிறகுதான்.

இதே காலத்தில்தான் வீட்டுத் தையல் மெலிந்தது. தொழிற்சாலை வரிசையில் ஒருவர் கொலர் மட்டும் தைப்பார், இன்னொருவர் கை மட்டும் பூட்டுவார். வலயத்தில் பல வருடம் வேகமாகத் தைத்த ஒரு பெண், வேலையை விட்டு வீட்டுக்கு வந்தபின் ஒரு முழுச் சட்டையை அளவெடுத்து வெட்டத் தெரியாமல் நிற்பதைப் பார்க்கலாம். அவர் கையில் திறமை இருக்கிறது. வெட்டுவதற்கு முந்திய பாதியை யாரும் அவருக்குக் காட்டவில்லை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தப் பாதியைப் பற்றியது.

தொழிற்சாலை மிச்சம்பிடிக்கும் இடம்

ஆயத்த ஆடையில் தையலுக்கு உள்ளே விடும் துணி ஒரு சென்ரிமீற்றருக்குள் இருக்கும். ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் குறைத்தால் கம்பனிக்குப் பெரிய மிச்சம். வாங்குகிறவருக்கு அதே அரை அங்குலத்தில் ஒரு வருடம் போய்விடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். நாலைந்து வயதில் இருந்து பூப்பெய்தும் காலம் வரை பிள்ளை வருடத்துக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் உயரும். அந்த உயரம் முழுவதும் சட்டையில் தெரியாது. தோளில் இருந்து முழங்கால் வரைக்கும் வருவது ஏறத்தாழப் பாதி, அதாவது 3 சென்ரிமீற்றர். ஆகவே விளிம்பில் மூன்று அங்குலம், அதாவது ஏழரை சென்ரிமீற்றர், மடித்துத் தைத்தால், கடைசி மடிப்புக்கு ஒன்றரை சென்ரிமீற்றர் போக, இரண்டு வருடத்துக்கு இறக்க இறக்கத் துணி இருக்கும்.

அகலத்திலும் இதே மாதிரிதான். இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் முன்துண்டு பின்துண்டு என்று நான்கு விளிம்பு. ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் விட்டு, பிறகு அரை அங்குலம் வீதம் பிரித்து அகட்டினால் சுற்றளவு இரண்டு அங்குலம் கூடும். ஒரு பிள்ளைக்கு அது பெரிய மாற்றம்.

கூட்ட முடியாத இடம் தோள்தான். தோள் அகலமும் கைக்குழியும் வெட்டினால் வெட்டியதுதான். அதனால் வளரும் பிள்ளைக்குத் தோளை அரை அங்குலம் தாராளமாக வெட்டுங்கள், கைக்குழியை ஆழமாக்காதீர்கள். கைக்குழி ஆழமானால் அசைய வசதி என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது முழுச் சட்டையும் கூடவே ஏறும்.

■ எங்கே எவ்வளவு விடலாம்?
பக்கத் தையல்: பிள்ளைகளுக்கு 1 அங்குலம், பெரியவர்களுக்கு முக்கால்.
சட்டை விளிம்பு: 3 அங்குலம்.
கை விளிம்பு: ஒன்றரை அங்குலம்.
தோள் தையல்: அரை அங்குலம்.
கழுத்தும் கைக்குழியும்: முக்கால் சென்ரிமீற்றரில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் வரை, அதற்குமேல் வேண்டாம். வளைவில் அதிகம் விட்டால் திருப்பும்போது துணி மடங்கிச் சுருங்கும். தைத்தபின் வளைவு நெடுகத் தையலுக்குக் கிட்ட வரை சின்னச் சின்ன வெட்டுப் போட வேண்டும். நூலில் கத்தரி படக்கூடாது.

விளிம்பை இறக்கியதும் பழைய மடிப்பு ஒரு கோடாகத் தெரியும், வெள்ளைத் துணியில் இன்னும் கூட. வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு துணியை அதில் நனைத்துப் பிழிந்து, கோட்டின் மேல் வைத்து அயன் பண்ணுங்கள். அழுக்கேறிய கோடாக இருந்தால் முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு இதைச் செய்ய வேண்டும். சூடு பட்ட அழுக்கு பிறகு போகாது.

வெட்டுவதற்கு முன்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி, துணியை முதலில் நனைப்பது. பருத்தித் துணி முதல் கழுவலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம். முப்பது அங்குலச் சட்டையில் அது ஒன்று, ஒன்றரை அங்குலம். பொலியெஸ்ரர் கலந்த துணி அவ்வளவு சுருங்காது, ஆனாலும் நனைத்துவிடுவது நல்லது. இரவு தண்ணீரில் போட்டு, முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டு, ஈரப்பதம் இருக்கும்போதே அயன் பண்ணினால் துணியின் கோணலும் நேராகும்.

என்ன துணி என்று சந்தேகமா? ஓரத்தில் நாலு நூலை உருவி, தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த மணத்தோடு சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். இரண்டும் கலந்தால் இரண்டு அடையாளமும் தெரியும். வெள்ளை என்றால் துணிக்குக் கீழே கையை வைத்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம். விரல் தெளிவாகத் தெரிந்தால் மேற்பகுதிக்கு உட்துணி வேண்டும். அதை இப்போதே முடிவு செய்யாவிட்டால் பெண்பிள்ளை பாடசாலையில் கூச்சப்பட்டு நிற்பாள்.

துணிக்கு ஒரு போக்கு உண்டு. கரை போகும் திசைதான் நீளப்போக்கு. அது இழுத்தால் கொடுக்காது. குறுக்கே கொஞ்சம் கொடுக்கும். மூலைவிட்டமாக இழுத்தால் நன்றாக நீளும். சட்டையின் முன்துண்டும் பின்துண்டும் கரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். துணி போதாது என்று ஒரு துண்டைச் சரித்து வெட்டினால், தைத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாலு கழுவலில் அந்தப் பக்கம் மட்டும் தொங்கும். கழுத்துக்கு வைக்கும் பட்டியை மட்டும் வேண்டுமென்றே கிராஸில், அதாவது மூலைவிட்டமாக, வெட்டுவோம். வளைவோடு வளைந்து கொடுப்பதற்காக.

அளவுக் காகிதத்துக்கு வீட்டில் இருப்பது பழைய பேப்பர். நிறத் துணிக்கு அது நல்லது. வெள்ளைச் சீருடைக்கு வேண்டாம். பத்திரிகை மை துணியில் ஒட்டும், கை வியர்த்தால் இன்னும் மோசம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கமோ பிரவுண் பேப்பரோ போதும். வெள்ளைத் துணியில் கோடு போட வெளிர்நீலச் சோக்கு, அதுவும் உட்பக்கத்தில், இலேசாக. மெழுகுச் சோக்கு அயன் சூட்டில் உருகிக் கறையாகும். பேனையால் கோடு போட்ட சட்டைகள் எத்தனையோ வீணாகியிருக்கின்றன.

எல்லாத் துண்டுகளையும் துணியில் அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். பெரிய துண்டுகளை முதலில் வையுங்கள், சின்னது இடுக்கில் போகும். முன்துண்டை வெட்டி முடித்துவிட்டுக் கைக்குத் துணி போதாமல் தவிப்பது அரசாங்கத் துணியில் அடிக்கடி நடக்கிறது. அந்த அளவு துணிதான், மேலதிகமாக அதே வெள்ளை கடையில் கிடைக்காது.

புறக்கோட்டைக்குப் போனால்

பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் மீதித் துணி வந்து குவிகிறது. சில இடங்களில் மீற்றருக்கு, சில இடங்களில் கிலோவுக்கு. கிலோவுக்கு வாங்கும்போது விலை மலிவாகத் தெரியும். எத்தனை மீற்றர் வரும் என்று தெரிந்தால்தான் மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

■ ஒரு கிலோவில் எத்தனை மீற்றர்? (58 அங்குல அகலம்)
மெல்லிய பொப்ளின், சதுர மீற்றர் 120 கிராம்: ஏறத்தாழ ஐந்தரை மீற்றர்.
நடுத்தரத் துணி, 150 கிராம்: ஏறத்தாழ நாலரை மீற்றர்.
தடித்த டெனிம், 400 கிராம்: ஒன்றே முக்கால் மீற்றருக்குச் சற்றுக் குறைவு.

மீதித் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். தொழிற்சாலை அதைக் கழித்ததற்குச் சில சமயம் காரணம் இருக்கும்: ஊசி ஓட்டை, நிறம் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு மாறிப்போவது, நெசவில் ஓர் இழை விட்டுப்போவது. ஓட்டை தெரிந்தால் கோபிக்கத் தேவையில்லை; தலையணை உறைக்கும் பிள்ளையின் வீட்டுச் சட்டைக்கும் அதைச் சுற்றி வெட்டிக்கொள்ளலாம். ஒரு சாரி பிளவுஸுக்கு என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

மெசினைத் திட்டுவதற்கு முன் ஊசியைப் பாருங்கள்

"மெசின் நூல் அறுக்குது" என்று திருத்துபவரிடம் தூக்கிக்கொண்டு போகும் மெசின்களில் பலவற்றுக்கு நோய் ஊசியில்தான். ஊசி தேயும், நுனி மழுங்கும். எட்டு மணித்தியாலத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுவான கணக்கு. நம் வீடுகளில் ஊசி முறிந்தால்தான் மாற்றுகிறோம். துணியில் குத்தும்போது "தட் தட்" என்று சத்தம் கேட்டாலோ, தையல் இடையிடையே விட்டுப்போனாலோ, மெல்லிய துணியில் இழை இழுபட்டாலோ ஊசியை மாற்றுங்கள்.

ஊசியை எந்தப் பக்கம் பார்த்துப் பூட்டுவது என்பதில் பழைய கறுப்பு மெசினுக்கும் புதிய மெசினுக்கும் வேறுபாடு உண்டு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி ஒன்று இருக்கிறது. ஊசியின் ஒரு பக்கம் மேலிருந்து கண் வரை நீளமான பள்ளம் ஓடும்; நூல் அந்தப் பள்ளம் உள்ள பக்கத்தில் இருந்துதான் கண்ணுக்குள் போக வேண்டும். தட்டையான பக்கம் அதற்கு எதிர்ப்புறம். இதை மாற்றிப் பூட்டினால் ஒரு தையல்கூட விழாது.

■ எந்தத் துணிக்கு எந்த ஊசி?
11: வொயில், உட்துணி, மெல்லிய பிளவுஸ் துணி.
14: பொப்ளின், சீருடைத் துணி, சேட்.
16: டெனிம், தடித்த காற்சட்டை, பள்ளிப் பை.
ரீசேர்ட் துணி போல இழுபடும் பின்னல் துணிக்கு உருண்டை நுனி ஊசி. கூர் நுனி ஊசி இழையை வெட்டிவிடும். கழுவியபின் தையல் ஓரம் முழுக்கச் சின்ன ஓட்டை வரும்.

அடுத்த தொல்லை, துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருள்வது. அடியில் சுருள்வதால் பொபினைக் குற்றம் சொல்லி அதன் திருகாணியைத் திருகத் தொடங்குவோம். பெரும்பாலும் பிழை மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்தும் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது மேல்நூல் கோத்தால், நூலைப் பிடித்து இறுக்கும் இரண்டு சிறு தட்டுகளும் மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் வெளியே நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து கோத்துப் பாருங்கள். பொபின் திருகாணியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்தால் பல வீட்டில் திருத்துகூலி மிஞ்சும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. சமையலறையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. விட்ட அன்று மெசின் இலகுவாக ஓடும். நாளடைவில் அது பிசினாக இறுகி, தூசியோடு சேர்ந்து சக்கரத்தையே பிடித்துவிடும். தையல் மெசின் எண்ணெய்தான் விட வேண்டும். துளி துளியாக விட்டு, நூல் கோக்காமல் ஓட்டி, பழந்துணியில் தைத்து எண்ணெயை எடுத்துவிட்டு, பிறகு வெள்ளைத் துணியை வையுங்கள். கடலும் களனி ஆறும் கிட்ட இருக்கும் இந்தப் பக்கத்துக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பாவிக்காத மெசினைக்கூட மாதம் ஒருமுறை நாலு சுற்றுச் சுற்றிவிட வேண்டும்.

காலா, மோட்டரா?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள். அந்த மாதங்களில் மோட்டர் மெசின்கள் மூடிக் கிடந்தன. மூலையில் சாமான் வைக்கும் மேசையாகக் கிடந்த கால்மெசின்களைத் துடைத்து எடுத்தார்கள். மின்கட்டணம் அதே வருடம் ஓகஸ்டில் ஒருமுறை, 2023 பெப்ரவரியில் இன்னொருமுறை எகிறியது. அதற்குப் பிறகு வீட்டில் தைப்பவர்கள் அலகுக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள்.

உண்மையில் மின்சாரத்தை இழுப்பது மெசின் இல்லை. வீட்டு மெசின் மோட்டர் 100 வாட் அளவில் இருக்கும். பத்து மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. அயன்பெட்டி 1,000 வாட் என்றால் ஒரே மணித்தியாலத்தில் அந்த அலகு போய்விடும். அயன் பண்ணாமல் தைக்க முடியாது. ஒவ்வொரு தையலையும் விரித்து அழுத்திய சட்டைக்கும் அழுத்தாத சட்டைக்கும் உள்ள வித்தியாசம் தூரத்தில் இருந்தே தெரியும். ஆகவே வேலையை அடுக்கிக்கொள்ளுங்கள். தோள், பக்கம், கை என்று தைக்கக்கூடியதை எல்லாம் தைத்து வைத்து, ஒரே சூட்டில் எல்லாவற்றையும் அழுத்துங்கள்.

பாவித்த மெசின் வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: கறுப்பு இரும்புத் தலையுள்ள நேர்த்தையல் கால்மெசினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீருடைக்கும் பாவாடைக்கும் பிளவுஸுக்கும் அது போதும். வட்டப் பொபின் உள்ளதைத் தேடுங்கள். நீண்ட ஓடம் போன்ற நாடா உள்ள மிகப் பழைய வகைக்குப் பாகம் கிடைப்பது கடினம். கையோடு சொந்தத் துணித்துண்டும் நூலும் கொண்டுபோய், இரண்டு மடிப்பிலும் நாலு மடிப்பிலும் தைத்துப் பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது எந்த இடத்திலும் இறுகக்கூடாது. தோற்பட்டி தளர்ந்திருந்தால் அது குறையில்லை, கொஞ்சம் வெட்டிப் பூட்டலாம்.

வெள்ளம் வடிந்தபின்

நாகலகம் வீதியில் களனி ஆற்றின் நீர்மட்டம் அளக்கும் மானி இருக்கிறது. மழைக்காலத்தில் வானொலிச் செய்தியில் அந்தப் பெயரைக் கேட்டால் கரையோர வீடுகளில் சாமானை உயர்த்தத் தொடங்குவார்கள். 2016 மே வெள்ளமும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் களனிக் கரையில் எத்தனையோ வீட்டு மெசின்களை நனைத்தன. கட்டிலில் தூக்கி வைக்க முடியாத பாரம் அது. ஆனால் பெரும்பாலான கால்மெசின்களில் தலையை மட்டும் பின்பக்கம் இரண்டு திருகாணியைத் தளர்த்திக் கழற்றிவிடலாம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கழற்றிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

நனைந்துவிட்டால் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே போன மண் பற்சக்கரத்தை அராவிவிடும். நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கி, பொபின் கூட்டையும் ஊசித் தட்டையும் கழற்றி, துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட வையுங்கள். ஈரம் போனபின் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அதையும் துடைத்து, அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் காயவிட்டு, பிறகு எல்லாத் துளையிலும் மெசின் எண்ணெய். இரும்புத் தலை பெரும்பாலும் பிழைத்துவிடும். மோட்டரை மட்டும் நீங்களாக மின்சாரத்தில் செருகக்கூடாது. திருத்துபவர் திறந்து பார்த்துச் சொல்லும் வரை அது உயிராபத்து.

எதைத் தைப்பது, எதைக் கொடுப்பது

எல்லாவற்றையும் வீட்டில் தைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்களின் நீளக் காற்சட்டைக்கு முன்பக்கச் சிப்பும் இடுப்புப் பட்டியும் பொக்கற்றும் படியாமல் போனால் துணியும் போகும், நேரமும் போகும். அதை டெய்லரிடம் கொடுப்பதே சிக்கனம். கொலர் வைத்த சேட்டும் முதல் வருடத்துக்கு வேண்டாம். தலையணை உறை, உள்பாவாடை, சின்னப் பிள்ளையின் கையில்லாத சட்டை, பிறகு சீருடைச் சட்டை என்று போனால் ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் கையைத் தயாராக்கும். உள்பாவாடையில் நேர்த்தையலும் நாடா புகும் மடிப்பும் வருகின்றன. கையில்லாத சட்டையில் கழுத்து வளைவு வருகிறது. சீருடையில் மடிப்பு வைப்பதும் முதுகுச் சிப்பும் வருகின்றன.

சாரி பிளவுஸைப் பற்றிப் பெண்கள் அதிகம் கேட்கிறார்கள். உடலோடு ஒட்டி நிற்கும் உடுப்பு அது. கால் அங்குலப் பிழை கண்ணில் தெரியும். நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றைத் தியாகம் செய்து, முழுவதும் பிரித்து, துண்டுகளை அயன் பண்ணி, அதன்மேல் தாள் வைத்து வரைந்துகொள்வது அளவு நாடாவால் வரும் குழப்பத்தை மிச்சப்படுத்தும். முதலில் மலிவான துணியில் தைத்துப் போட்டுப் பாருங்கள். பட்டுத் துணியை அதற்குப் பிறகு வெட்டுங்கள்.

கூலிக்குத் தைக்கும் வீடுகள்

நன்றாகத் தைக்கிறார் என்று பேர் வந்ததும் அயல்வீட்டுத் துணி வரும். கிராண்ட்பாஸிலும் கொட்டாஞ்சேனையிலும் பல பெண்களுக்கு இதுதான் வருமானம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு செய்யலாம் என்பதால் கூலி குறைவாகவே பேசப்படுகிறது. அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு சட்டைக்கு அளவெடுப்பதில் இருந்து பொத்தான் வைப்பது வரை எத்தனை மணித்தியாலம் போனது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். நூல், சிப், ஊசி, அயன் மின்சாரம் ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள். மீதியை மணித்தியாலத்தால் வகுத்தால் உங்கள் கூலி தெரியும். பலருக்கு அந்த இலக்கம் அதிர்ச்சியாக இருக்கும். விலை கூட்டிக் கேட்க அந்தக் கொப்பியைவிட நல்ல சாட்சி இல்லை.

தொழிற்சாலையில் தைப்பவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம். அதே சட்டையை வீட்டில் இருந்து தைப்பவருக்கு இவை எதுவும் வந்து சேர்வதில்லை. 1996இல் சர்வதேச தொழில் அமைப்பு நிறைவேற்றிய 177ஆம் இலக்க உடன்படிக்கை, வீட்டில் இருந்து கூலிக்கு வேலை செய்பவரை ஏனைய தொழிலாளருக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. கடைக்கும் கம்பனிக்கும் துண்டுக்கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

உடம்பும் செலவாகிறது. மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடும் கண்ணுக்கு நாற்பது வயதுக்குள் களைப்பு வரும். ஊசிக்கு நேரே இடப்பக்கம் ஒரு சின்ன எல்ஈடி விளக்கு வையுங்கள். முதுகு சாயும் கதிரையில், முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். தரையில் குனிந்து வெட்டுவதுதான் இடுப்பை அதிகம் உடைக்கிறது. அறையில் இடம் இல்லாவிட்டால் கட்டிலின் மேல் ஒரு பலகை போட்டு நின்றபடி வெட்டலாம்.

இன்று தொடங்குகிறவருக்கு

தொழிற்பயிற்சி அதிகார சபையும் வேறு நிறுவனங்களும் தையல் பயிற்சி நடத்துகின்றன. முடித்தவருக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் கிடைக்கும் பயிற்சியா என்று சேருமுன் கேளுங்கள். வேலைக்குப் போகும்போது அது உதவும். ஆண்பிள்ளைகளையும் மெசினில் உட்கார வையுங்கள். புறக்கோட்டையின் பேர்போன டெய்லர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருக்கும்போது, வீட்டில் பொத்தான் தைப்பது மட்டும் ஏன் தங்கச்சியின் வேலையாக இருக்க வேண்டும்?

முதற் கிழமை துணியே வேண்டாம். நூல் கோக்காமல், பழைய ஊசியோடு, கோடு போட்ட கொப்பித் தாளை மெசினில் வைத்து, கோட்டின் மேலேயே ஊசித் துளை விழும்படி ஓட்டிப் பழகுங்கள். நேர்கோடு வந்தபின் தாளில் வட்டமும் சதுரமும் வரைந்து அதன்மேல் ஓட்டலாம். சதுரத்தின் மூலையில் ஊசியைக் கீழே குத்தி வைத்துப் பாதத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். இரண்டாம் கிழமை, சிறுத்துப்போன ஒரு சட்டையைப் பிளேட்டால் இழுக்காமல், தையல் பிரிக்கும் கருவியால் மூன்று நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டி, பிரித்து எடுங்கள். கை எப்படிப் பூட்டியிருந்தது, கழுத்துப் பட்டி எந்தப் பக்கம் திரும்பியது, எது முதலில் தைத்தது, எது கடைசியில் என்பதெல்லாம் பிரிக்கும்போது கண்ணில் படும். துண்டுகளில் முன், பின், இடது, வலது என்று எழுதி அயன் பண்ணி விரித்தால், அடுத்த சட்டைக்கு அளவுக் காகிதம் தயார். வரையும்போது பக்கத்தில் ஓர் அங்குலமும் விளிம்பில் மூன்று அங்குலமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.